பாப்பாவுக்கு எப்போது ஞானஸ்நானம்? பாப்டிஸ்ட் சபை பற்றி வீடுகளில் எழும் கேள்விகள்

தர்மபுரி டவுனில் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பாப்பா பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. குடும்பம். அப்பா வீட்டார் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள்.

அம்மாவைப் பெற்ற பாட்டி தினமும் போனில் கேட்பது ஒரே கேள்வி. "ஞானஸ்நானத்துக்கு எப்போ நாள் பாக்கறீங்க? உனக்கு நாற்பதாம் நாளே கொடுத்துட்டோமே!"

இந்தப் பக்கம் மாமியார் நிதானமாகச் சொல்கிறார். "எங்க சபையில குழந்தைக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லம்மா. பெரியவளாகி அவளே கேக்கட்டும்."

நடுவில் இளம் தாய். "அத்தை, அதுக்குள்ள குழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?" என்று கேட்க வாய் வருகிறது, வார்த்தை வரவில்லை.

கல்யாணம் பேசும்போது நகை, படிப்பு, வேலை எல்லாம் பேசியிருப்பார்கள். 'இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தானே' என்று இதை மட்டும் விட்டிருப்பார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் இரண்டு சபைக்கும் நடுவில் இருக்கும் கோடு தெரிகிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி சண்டை குறையும். கிறிஸ்தவர் அல்லாத பக்கத்து வீட்டாருக்கும் இந்தக் கதை சுவாரஸ்யமாகவே இருக்கும்.

பாப்டிஸ்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

'பாப்டிஸோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குவது, அமிழ்த்துவது என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் 'பாப்டிஸம்'. தமிழில் புராட்டஸ்டண்ட் சபையார் ஞானஸ்நானம் என்பார்கள். கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள். பைபிளில் வரும் யோவான் ஸ்நானகனுக்கு ஆங்கிலத்தில் 'ஜான் தி பாப்டிஸ்ட்' என்று பெயர். அதனால் இது அவர் தொடங்கிய சபை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

1609-ல் இங்கிலாந்திலிருந்து தப்பி ஆம்ஸ்டர்டாமில் தங்கியிருந்த ஒரு சிறு கூட்டம், ஜான் ஸ்மித் என்பவர் தலைமையில், 'குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் போதாது. நம்பி, அறிந்து, கேட்டுப் பெறுவதே ஞானஸ்நானம்' என்று முடிவெடுத்தது. அவருடன் இருந்த தாமஸ் ஹெல்விஸ் சில ஆண்டுகளில் லண்டனுக்குத் திரும்பி, இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். 'மனிதனின் மனச்சாட்சி மீது அரசனுக்கு அதிகாரம் இல்லை' என்ற கருத்தில் 1612-ல் புத்தகமும் எழுதினார். அதற்குக் கிடைத்த பரிசு சிறை. அங்கேயே அவர் வாழ்க்கை முடிந்தது.

அன்றைய ஐரோப்பாவில் குழந்தை ஞானஸ்நானம் ஒரு வகையில் ஊர்க் கணக்கில் பெயர் ஏறுவது போல. அதை வேண்டாம் என்பது அரசாங்கத்தையே எதிர்ப்பதாகப் பார்க்கப்பட்டது. சிறைக்குப் போனவர்கள் எதற்காகப் போனார்கள் என்று தெரிந்தால், அந்த மாமியாரின் நிதானமான பதிலுக்குப் பின்னால் நானூறு வருட வரலாறு இருப்பது புரியும்.

குழந்தைக்கு ஏன் கொடுப்பதில்லை?

பாப்டிஸ்ட் பதில் எளிமையானது. ஞானஸ்நானம் என்பது ஒருவர் தன் வாயால் 'நான் நம்புகிறேன்' என்று சொன்ன பிறகு எடுப்பது. குழந்தைக்குப் பதிலாகப் பெற்றோரோ ஞானப் பெற்றோரோ அதைச் சொல்ல முடியாது.

சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கச் சபைகளின் பதிலும் சாமானியமானதல்ல. கடவுளின் அருள் முதலில் வருகிறது, நம் பதில் பிறகு வருகிறது. அதனால் விசுவாசக் குடும்பத்தில் பிறந்த குழந்தையையும் சபைக்குள் சேர்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம். குழந்தை வளர்ந்தபின் தானே முன்வந்து உறுதி சொல்வதற்கு சி.எஸ்.ஐ.-யில் திடப்படுத்தல் ஆராதனை இருக்கிறது. கத்தோலிக்கரிடம் உறுதிபூசுதல்.

ஒருவர் முதலில் தண்ணீர், பிறகு உறுதிமொழி என்கிறார். மற்றவர் முதலில் உறுதிமொழி, பிறகு தண்ணீர் என்கிறார். குழந்தை விசுவாசத்தில் வளர வேண்டும் என்ற ஆசை இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

அதற்குள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இளம் தாய் கேட்கத் தயங்கிய கேள்வி இது. பாப்டிஸ்ட் போதனைப்படி ஞானஸ்நானம் இரட்சிப்பைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே பெற்ற இரட்சிப்பைச் சபை முன் அறிவிக்கும் அடையாளம் அது. ஆகவே ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தையைக் கடவுள் கைவிடுவார் என்று அவர்கள் போதிப்பதில்லை. இந்தப் பயத்தை மனதில் வைத்து மருகுவதைவிட, போதகரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் ஆறுதலான பதில்தான் வரும்.

குழந்தைக்கு ஒரு சடங்கும் கிடையாதா?

உண்டு. பல பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தைப் பிரதிஷ்டை நடக்கிறது. பெற்றோர் குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். போதகர் கையில் ஏந்தி ஜெபிப்பார். 'இந்தக் குழந்தையைக் கடவுள் பயத்தில் வளர்ப்போம்' என்று பெற்றோர் வாக்குக் கொடுப்பார்கள். சபையாரும் துணை நிற்பதாகச் சொல்வார்கள். தண்ணீர் மட்டும் இருக்காது. பெயரையும் அன்றே சொல்லிவிடலாம். இரண்டு பக்கத்து உறவும் வந்து கேக் வெட்டிச் சாப்பிட இதில் எந்தத் தடையும் இல்லை.

இங்கே ஒரு வீட்டுக் குறிப்பு. ஞானஸ்நானச் சான்று வேறு, அரசின் பிறப்புச் சான்றிதழ் வேறு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். 'ஞானஸ்நானத்தில் பெயர் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பெயர் இல்லாமலேயே சான்றிதழை வைத்திருக்காதீர்கள். பிறப்பைப் பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம்.

சி.எஸ்.ஐ.-யில் பெற்றுவிட்டேன். மறுபடியும் மூழ்க வேண்டுமா?

மருமகளாக, மருமகனாக வருகிறவர்களுக்கு மிகவும் கஷ்டமான கேள்வி இது. பாப்டிஸ்ட் சபையில் முழு அங்கத்தினராகச் சேர வேண்டும் என்றால், பெரும்பாலான சபைகள் முழுக்கு ஞானஸ்நானத்தை எதிர்பார்க்கும். அவர்கள் அதை இரண்டாவது ஞானஸ்நானம் என்று எண்ணுவதில்லை. குழந்தையில் பெற்றதை ஞானஸ்நானமாகவே கொள்ளாததால், இதுதான் முதல் என்பார்கள்.

பிறந்த வீட்டாருக்கோ அது, 'நாங்கள் உனக்குச் செய்தது செல்லாது' என்று சொல்வது போலக் கேட்கும். ஞானஸ்நானம் வாழ்க்கையில் ஒருமுறைதான், திரும்பச் செய்யக்கூடாது என்பது சி.எஸ்.ஐ.-யின் நிலை. ஆக, ஒரே செயல் ஒரு வீட்டில் கீழ்ப்படிதல், இன்னொரு வீட்டில் மறுதலிப்பு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சில பாப்டிஸ்ட் சபைகள், வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரையும் ஆராதனை, ஐக்கியம் எல்லாவற்றிலும் சேர்த்துக்கொண்டு, அங்கத்துவத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகின்றன. 1970-ல் வட இந்தியத் திருச்சபை (சி.என்.ஐ.) உருவானபோது ஆங்கிலிக்கன்களோடு பிரிட்டிஷ் மிஷன் வழி வந்த பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டையும் அந்தத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. தெற்கே 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. இரண்டு பெரிய திருச்சபைகள் பேசித் தீர்த்த, தீர்க்காத விஷயம் இது. ஒரு குடும்பம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்க்காவிட்டால் தவறில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மாமியார் சொன்னார், புருஷன் சொன்னார் என்பதற்காக மூழ்கினால், அது பாப்டிஸ்ட் கொள்கைப்படியே ஞானஸ்நானம் ஆகாது. சொந்த விருப்பம்தான் அங்கே முதல் நிபந்தனை.

தெளித்தால் போதாதா? தண்ணீருக்கு எங்கே போவது?

மூழ்குவது சாவையும் அடக்கத்தையும், எழுவது புது வாழ்வையும் காட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். தெளிப்பதில் அந்தப் படம் வராது என்பார்கள். ஆறு, ஏரி, கிணறு, ஆலயத்துக்குள் கட்டிய தொட்டி, எதிலும் கொடுக்கலாம்.

தர்மபுரி மாவட்டம் தண்ணீர் கஷ்டம் தெரிந்த ஊர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இங்கே இடுப்பளவு தண்ணீரைத் தொட்டியில் நிரப்புவதும் செலவுதான். 'காவிரியே இருக்கிறதே, ஒகேனக்கல் போய்விடலாம்' என்று கிளம்புகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பாறையும் சுழலும் இழுப்பும் உண்டு. தடை செய்த இடத்தில் பக்திக்காகவும் இறங்கக்கூடாது. இருதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. படுக்கையில் இருப்பவரை மூழ்கு என்று வற்புறுத்த அவசியமே இல்லை. ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு நிபந்தனை அல்ல என்று அவர்களே சொல்கிறார்களே!

பெந்தெகொஸ்தே சபையும் இதுவும் ஒன்றா?

இரண்டிலும் முழுக்கு ஞானஸ்நானம் இருப்பதால் வரும் குழப்பம் இது. பாப்டிஸ்ட் சபைகள் 17-ம் நூற்றாண்டில் தோன்றியவை. பெந்தெகொஸ்தே இயக்கம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அந்நிய பாஷையில் பேசுவது, ஆவியின் அபிஷேகத்தைத் தனி அனுபவமாகப் பெறுவது ஆகியவை பெந்தெகொஸ்தேயின் மையம். பாப்டிஸ்ட் ஆராதனை பொதுவாகப் பாட்டு, ஜெபம், நீண்ட பிரசங்கம் என்று அமைதியாகப் போகும்.

நகை போடலாமா, பூ வைக்கலாமா, பொட்டு வைக்கலாமா என்பதற்கெல்லாம் பாப்டிஸ்ட் உலகம் முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. அந்தந்தச் சபையின் பழக்கம்தான். பெண் பார்க்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம்.

'ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட்' என்றால் ரொம்பக் கண்டிப்பானவர்களா?

பெயரைக் கேட்டதும் பிரம்பு வைத்திருக்கும் வாத்தியார் ஞாபகம் வரும். உண்மையில் அந்தச் சொல் திருவிருந்தைப் பற்றியது. அப்பமும் ரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தியில், விசுவாசியாக முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே பங்கு பெறலாம் என்று வரையறை வைத்தவர்கள் 'ஸ்டிரிக்ட்'. எந்தச் சபை விசுவாசியும் வரலாம் என்பவர்கள் திறந்த பந்திக்காரர்கள். வேறு சபை ஆலயத்துக்கு விருந்தாளியாகப் போனால், பந்திக்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காமல் உட்கார்ந்திருப்பது அவமானம் அல்ல.

இந்த 'ஸ்டிரிக்ட்' பெயருக்கும் நம் பக்கத்து மலைகளுக்கும் உறவு உண்டு.

தர்மபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய சேலம் மாவட்டத்தில் சேந்தமங்கலத்தை மையமாக வைத்து இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வேலை செய்தது. அதன் ஊழியர் ஜெஸ்ஸி பிராண்ட். 1913-ல் எவலினைக் கைப்பிடித்து, அவரோடு கொல்லிமலையில் குடியேறினார். மலைக்குப் பாதை இல்லை, மலேரியா உண்டு. நரம்புச் சிலந்தி நோயால் கால் புண்ணாகி வந்தவர்களுக்கு மருந்து போட்டார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் முதல் சில ஆண்டுகள் ஒருவர்கூட ஞானஸ்நானம் கேட்டு வரவில்லை. மருந்து வாங்க வந்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் உலகப் போர் முடிந்த சமயம் இன்ஃபுளூயன்ஸா மலையிலும் பரவியது. அதுவரை பிராண்ட் தம்பதியை எதிர்த்து வந்த ஊர்ப் பூசாரியும் படுத்தார். பக்கத்தில் போகவே மற்றவர்கள் பயந்த நேரத்தில் இவர்கள்தான் கஞ்சி கொண்டுபோனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகுதான் மலையில் சபை முளைத்தது.

1929-ல் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. எவலின் எழுபது வயதை நெருங்கியபோது, 'போதும், ஓய்வெடுங்கள்' என்றது மிஷன். அவர் ஓய்வை வாங்கிக்கொண்டு, தன் பொறுப்பில் மறுபடியும் மலைக்கே போனார். குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். 1974-ல் 95-ம் வயதில் இறந்தார். கணவரின் பக்கத்திலேயே மலையில் அடக்கம் செய்தார்கள். 1914-ல் பிறந்த அவர்களுடைய மகன்தான், வேலூர் சி.எம்.சி.-யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

சோறு கொடுத்துச் சேர்க்கிறார்கள் என்கிறார்களே?

தர்மசங்கடமான கேள்விதான். இதற்கு வரலாற்றிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அன்றைய சேலம் மாவட்டமும் அதில் கடுமையாக அடிபட்டது. தெலுங்குப் பகுதியான ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்தார். அவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. பசிக்காக வருகிறார்களோ என்ற தயக்கம். நிவாரணம் முடியும்வரை ஒரு வருடத்துக்கும் மேல் நிறுத்தி வைத்தார். கூலியும் உதவியும் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் மூழ்கி எழுந்தார்கள்.

எல்லா ஊழியரும் எல்லாக் காலத்திலும் கிளவ் போல நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 'பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்று எடுப்பது ஞானஸ்நானம் அல்ல' என்ற அளவுகோலை அவர் விட்டுப் போயிருக்கிறார். யாரையும், எந்தச் சபையையும், அதை வைத்து அளக்கலாம்.

சாதிச் சான்றிதழுக்கு என்ன ஆகும்?

பலர் சத்தமில்லாமல் கேட்கும் கேள்வி. பிள்ளையின் படிப்பும் வேலையும் இதில் இருப்பதால் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி (எஸ்.சி.) தகுதி இந்துக்களுக்கே இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் (பி.சி.) பட்டியலில் வருகிறார்கள். மதம் மாறிய தலித் மக்களுக்கும் எஸ்.சி. தகுதி தருவது பற்றி ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது.

பழங்குடியினர் (எஸ்.டி.) தகுதிக்கு இப்படி மத நிபந்தனை இல்லை. சித்தேரி, வத்தல்மலைப் பகுதி மலையாளி மக்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டவர் அவர். குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றதையும், தொடர்ந்து ஆலயத்துக்குப் போவதையும் சுட்டிக்காட்டி, அவர் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்றும் கண்டித்தது.

மூன்று மாதக் குழந்தையின் தலையில் விழும் தண்ணீர், அவள் வளர்ந்தபின் ஒரு கோர்ட்டில் ஆதாரமாக நிற்கலாம். அதற்காக எடுக்காதே என்றோ, ஒளித்து எடு என்றோ அர்த்தமில்லை. எந்தச் சபையாக இருந்தாலும், தெரிந்து முடிவெடுங்கள். சான்றிதழில் உள்ளதும் வாழ்க்கையில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

பிஷப் கிடையாதா? யார் நிர்வாகம்?

பிஷப் கிடையாது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தனக்குத் தானே பொறுப்பு. போதகரை அழைப்பது, புது அங்கத்தினரைச் சேர்ப்பது, வரவு செலவை ஏற்பது எல்லாம் சபைக் கூட்டத்தில் அங்கத்தினர் முடிவு செய்வார்கள். போதகருக்கு உதவியாக டீக்கன்மார் இருப்பார்கள். சபைகள் சேர்ந்து சங்கம், கன்வென்ஷன் என்று வைத்துக்கொள்ளலாம். அது ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. நாகாலாந்தில் மக்கள்தொகையில் பெரும்பான்மையே பாப்டிஸ்டுகள். ஆனாலும் அங்கிருந்து யாரும் தர்மபுரிச் சபைக்கு உத்தரவு போட முடியாது.

இதில் சுதந்திரமும் உண்டு, ஆபத்தும் உண்டு. நல்ல போதகர் அமைந்தால் சபை குடும்பம் போல இருக்கும். கணக்குக் காட்டாதவர் அமைந்தால் மேலே போய் முறையிட ஆள் கிடையாது. அதனால் புதிதாக ஒரு சபைக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கேட்கலாம். சபை சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவாகியிருக்கிறதா? நிலமும் கட்டடமும் யார் பெயரில்? வருடாந்தரக் கணக்கு அங்கத்தினர் முன் வாசிக்கப்படுகிறதா? தசமபாகம், காணிக்கை கொடுக்கும் கைக்கு இதைக் கேட்க உரிமை உண்டு.

பெண்கள் போதகராகலாமா?

ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் 1920-களிலேயே பாப்டிஸ்ட் பெண் போதகர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 2000-ல், போதகர் பதவி ஆண்களுக்கே என்று தன் அறிக்கையில் எழுதியது. அதே ஆண்டு, முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அந்த அமைப்பிலிருந்து விலகினார். ஆனால் பாப்டிஸ்டாகவே இருந்து, தன் ஊர் ஆலயத்தில் ஞாயிறு பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே நடக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

செல்லும், நடத்துகிறவருக்கு அதிகாரம் இருந்தால். இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872-ன்படி பாப்டிஸ்ட் போதகருக்குத் திருமணம் நடத்த அரசு உரிமம் வேண்டும். பத்திரிகை அடிப்பதற்கு முன் 'ஐயா, உங்களுக்கு லைசென்ஸ் இருக்குங்களா?' என்று கேட்டுவிடுங்கள். நல்ல போதகர் கோபப்பட மாட்டார். அதோடு, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி எந்த மதத்துத் திருமணமும் 90 நாளைக்குள் பதிவாக வேண்டும்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். பாட்டி கேட்பது பேத்தியின் பாதுகாப்புக்காக. மாமியார் காத்திருக்கச் சொல்வது பேத்தியின் விருப்பத்துக்காக. ஜெயிப்பது யார் என்று பார்ப்பதை விட்டு, இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இந்தக் காரணங்களைப் பேசினால் வழி பிறக்கும். பாட்டியும் வந்து நிற்க ஒரு பிரதிஷ்டை ஆராதனை வைக்கலாம். அல்லது, இரண்டு பெற்றோரும் மனமொத்து சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம். வளர்ந்தபின் அவள் திடப்படுத்தல் எடுப்பதா, தண்ணீரில் இறங்குவதா என்பதை அவளிடமே விடலாம். எதுவானாலும் முடிவு தாய், தகப்பனுடையது. அதைச் சொல்லும் தைரியம் அந்த இளம் தாய்க்கு வர, பக்கத்தில் புருஷன் நிற்க வேண்டும்.

பாப்பாவுக்கு இப்போது வேண்டியது வேளைக்குப் பாலும், நேரத்துக்குத் தடுப்பூசியும், சண்டை போடாத ஒரு வீடும்தான். மற்றதைக் கேட்கும் வயது அவளுக்கும் வரும். அன்று பதில் சொல்ல இரண்டு பாட்டிகளும் பேச்சுவார்த்தையோடு இருந்தால் போதும்.